டேப்லெட்டில் கிறுக்கி விளையாட ஒரு வழி

டேப்லெட் வாங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒரே காரியம்தான். ஒரு கோடு போடுவோம், அது நினைத்தபடி வராது, இரண்டு விரலால் திரையைத் தட்டி அழிப்போம், மறுபடி போடுவோம், மறுபடி அழிப்போம், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு மூக்கும் பாதிக் கண்ணும் மட்டும் இருக்கும். எனக்கு இது மூன்று மாதம் நடந்தது. அதே மூன்று மாதத்தில், போனில் பேசிக்கொண்டே கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் நான் கிறுக்கிய பூனைகளும் மீசைக்காரர்களும் குதித்துக்கொண்டு நின்றார்கள். கை அதே கைதான். பால்பாயிண்ட் பேனாவில் போட்டதை அழிக்க வழியில்லை, அதனால் கை திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

திரையில் எதை வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். விளம்பரம் வரைகிறவருக்கும் புத்தக அட்டை போடுகிறவருக்கும் அது சோறு போடும் வசதி. ஆனால் மனதில் தோன்றியதைத் தோன்றிய வேகத்தில் வரைந்து பார்க்க ஆசைப்படுகிறவர் அந்த வசதியைக் கொஞ்ச நேரம் பூட்டி வைக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அந்தப் பூட்டுகளைப் பற்றியதுதான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வகுப்போடு வரைவதை விட்டவர்களும் தாராளமாக உட்காரலாம், ஏனென்றால் இங்கே எந்தப் படத்துக்கும் முன்மாதிரி கிடையாது, ஒப்பிட்டுப் பார்த்துக் குறை சொல்ல எதுவுமில்லை.

எதில் வரைவது

கையில் இருக்கும் கருவியிலேயே ஆரம்பியுங்கள். விரலால் வரைந்தாலும் சரிதான். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2009 வாக்கில் ஐபோனில் விரலால்தான் வரைந்துகொண்டிருந்தார், பூச்சாடி, ஜன்னல், விடிகிற வானம் என்று படுக்கையில் இருந்தபடியே வரைந்து நண்பர்களுக்கு அனுப்புவார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. திரைக்குச் சொந்த வெளிச்சம் இருப்பதால் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே விடியலை வரைய முடிகிறது என்பது அவருக்குப் பிடித்துப்போன விஷயம். 2010இல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார்.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள்: பேனா அழுத்தத்தை உணர்கிறதா? மெதுவாகத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு என்று வருவதில்தான் கோட்டின் குணமே இருக்கிறது. ஆப்பிள் பென்சிலில் 2015இல் வந்த முதல் தலைமுறை, 2018இல் வந்த இரண்டாம் தலைமுறை, 2024இல் வந்த ப்ரோ ஆகிய மூன்றும் அழுத்தத்தை உணரும். 2023இல் வந்த யூஎஸ்பி-சி பென்சில் உணராது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு, கோடு ஏன் ஒரே தடிமனாக வருகிறது என்று செட்டிங்கில் தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு எல்லாப் பென்சிலும் எல்லா ஐபேடிலும் வேலை செய்யாது, எது எதற்குப் பொருந்தும் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சாம்சங் பக்கம் போனால் எஸ் பென் நல்ல பேனா, அழுத்தத்தை உணரும், வரைவதற்கு சார்ஜ் போடவே வேண்டாம். கேலக்ஸி டேப் எஸ்6 லைட் மாதிரியான மாடல்களில் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் எல்லா சாம்சங் டேப்லெட்டும் எஸ் பென்னை ஏற்காது, கடைக்காரரிடம் அந்த மாடலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மொபைல் கடையில் கிடைக்கும் ரப்பர் முனை ஸ்டைலஸ் திரைக்கு இன்னொரு விரல் மாதிரி, அதில் அழுத்தம் கிடையாது. பெரிய வண்ணத் திட்டுகள் போட அதுவே போதும்.

திரை வழவழவென்று வழுக்குகிறதே என்று தோன்றினால் காகிதம் போன்ற சொரசொரப்புள்ள மேட் ஸ்கிரீன் கார்டு ஒட்டலாம். கோட்டுக்குப் பிடிமானம் கிடைக்கும், பதிலுக்குப் பேனா முனை சீக்கிரம் தேயும், படத்தின் பளிச்சும் கொஞ்சம் மங்கும். முதல் ஒரு மாதம் ஒட்டாமலே வரைந்து பாருங்கள்.

ஆப் ஒன்று போதும்

ஐபேட் என்றால் ப்ரோகிரியேட், ஒருமுறை காசு கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஆண்ட்ராய்டு என்றால் ஐபிஸ் பெயின்ட், விளம்பரங்களோடு இலவசம், ஐபேடிலும் உண்டு. ஸ்கெட்ச்புக் இரண்டிலும் கிடைக்கும், திரையில் கருவிகள் குறைவாகத் தெரிவதால் சிலருக்கு அதுதான் நிம்மதி. கிரிட்டா திறந்தமூல மென்பொருள், முழுக்க இலவசம், ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடும், ஆனால் கணினிக்காகச் செய்த முகப்பு என்பதால் பட்டன்கள் பொடிப்பொடியாக இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மூன்று மாதத்துக்கு வேறு எதையும் தேடாதீர்கள். எந்த ஆப் சிறந்தது என்று வீடியோ பார்க்கும் நேரத்தில் நாற்பது படம் போட்டுவிடலாம்.

ஒருமுறை செய்து வைக்க வேண்டியவை

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து செய்துவிட்டால் அப்புறம் தொட வேண்டியதில்லை.

கேன்வாஸ், அதாவது வரைகிற பரப்பு, 2048க்கு 2048 பிக்சல், சதுரம். அச்சிட வேண்டுமானால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் சுமார் 17 சென்டிமீட்டர் வரை தெளிவாக வரும், ஒரு வாழ்த்து அட்டைக்கு ஏராளம். ஏ4 அளவில் அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 2480க்கு 3508. அதற்கு மேல் போகாதீர்கள், கேன்வாஸ் பெரிதானால் லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள் மாதிரியான அடுக்கு) எண்ணிக்கை குறையும், பழைய டேப்லெட்டில் பிரஷும் இழுத்துக்கொண்டு வரும். பின்னணியை வெள்ளையாக விடாமல் பழைய நோட்டுப் புத்தகத் தாளின் பழுப்பு நிறத்தைக் கொடுங்கள். வெள்ளைத் திரை கண்ணைக் கூசவைப்பது ஒரு பக்கம், அது பரீட்சைத் தாள் மாதிரி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிரஷ் இரண்டு. கோட்டுக்கு ஒன்று, திட்டுக்கு ஒன்று. ப்ரோகிரியேட்டில் 6பி பென்சில் அல்லது ட்ரை இங்க், ஐபிஸ் பெயின்டில் ஏதாவது ஒரு டிப் பேனா. திட்டுக்கு விளிம்பு கொஞ்சம் பிசிறாக இருக்கும் அகலமான பிரஷ். நூற்றுக்கணக்கில் பிரஷ் இருக்கிறதே என்று ஆசை வரும். விருப்பப் பட்டியலில் இந்த இரண்டை மட்டும் போட்டு அந்தப் பக்கத்தையே திறந்து வையுங்கள்.

அடுத்தது ஸ்டெபிலைசர். ப்ரோகிரியேட்டில் இதற்கு ஸ்ட்ரீம்லைன் என்று பெயர். கை நடுங்கினாலும் கோட்டை வழவழப்பாக்கித் தரும் அமைப்பு இது, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். அதைக் குறைத்துவிடுங்கள், முடிந்தால் பூஜ்ஜியம். உங்கள் கையின் நடுக்கமும் அவசரமும் தயக்கமும்தான் அந்தக் கோட்டை உங்கள் கோடாக ஆக்குகிறது. மெஷின் இழைத்த கோட்டில் ஒரு கோழியை வரைந்தால் அது லோகோ மாதிரி இருக்கும், நடக்காது.

வண்ணம் நான்கு. ஒரு அடர்ந்த நிறம், ஒரு பளிச்சென்ற நிறம், ஒரு மங்கல், கோட்டுக்கு ஒரு கருநீலமோ கரும்பழுப்போ. எங்கிருந்து எடுப்பது என்று குழம்ப வேண்டாம், சமையலறைக்குப் போய் ஒரு போட்டோ எடுங்கள்: கத்தரிக்காய், மஞ்சள் தூள், கொத்தமல்லி, எவர்சில்வர் டம்ளரின் சாம்பல். அந்தப் போட்டோவை ஆப்பில் திறந்து வண்ணத்தைத் தொட்டு எடுத்துப் பேலட்டில், அதாவது ஆப்பின் வண்ணத் தட்டில், சேர்த்தால் முடிந்தது. ஒரு வாரத்துக்கு ஒரு பேலட் என்று வைத்துக்கொண்டால் வண்ணம் தேடுவதிலேயே நேரம் போகிற சிக்கல் இருக்காது.

அன்டூவைப் பூட்டுவது

பெரும்பாலான ஆப்களில் இரண்டு விரல் தட்டல்தான் அன்டூ, அதாவது கடைசியாகப் போட்டதை அழிப்பது. பேனா ஒரு கையில் இருக்கும், தட்டுவது இன்னொரு கை. அந்த இன்னொரு கைக்கு வேலை கொடுத்துவிடுங்கள். நான் காபி டம்ளரைப் பிடித்துக்கொள்வேன். டேப்லெட் மேஜையில், பேனா வலது கையில், டம்ளர் இடது கையில். தட்ட வேண்டும் என்று கை துடிக்கும், டம்ளரைக் கீழே வைக்கச் சோம்பலாக இருக்கும், அதற்குள் அடுத்த கோடு போட்டுவிடுவோம். காபி குடிக்காதவர்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொள்ளலாம். சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும், ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தவறிப் போன கோட்டை என்ன செய்வது? அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள், இரண்டும் இருக்கட்டும். முழங்கை அதிகமாக வளைந்துவிட்டதா, அந்த ஆளுக்கு எலும்பே இல்லை என்று வைத்துக்கொண்டு மற்றக் கையையும் அப்படியே வளையுங்கள். ஒருமுறை நடந்தால் பிழை, அதையே இரண்டு மூன்று இடத்தில் செய்தால் அந்தப் படத்தின் பாணி ஆகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தில் எனக்குப் பெரிய ஆசான்கள் வாசலில் கோலம் போடுகிற பெண்கள்தான். சிக்குக் கோலம் போடும்போது இழை ஒரு புள்ளியைத் தவறிச் சுற்றிவிட்டால் அழித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், ஓரத்தில் இன்னொரு புள்ளியைக் கூட்டி அங்கே ஒரு வளையத்தைப் போட்டு வந்த இழையை உள்ளே இழுத்துவிடுவார்கள். பார்க்கிறவருக்கு அது முதலிலேயே திட்டமிட்டது போலத் தெரியும்.

ஜூமுக்கும் இதே பூட்டு. முழுக் கேன்வாஸும் எப்போதும் கண்ணில் தெரியட்டும். உள்ளே போய் கண் இமையைச் சீவ ஆரம்பித்தால் அந்தப் படத்தின் உயிர் அங்கேயே அடங்கிவிடும். பெரிதாக்கியே ஆக வேண்டும் என்றால் கடைசி ஒரு நிமிடத்தில் மட்டும்.

நேரத்தையும் கட்டுங்கள். போனில் 10 நிமிட டைமர். அது அடித்ததும் படம் முடிந்தது, எந்த நிலையில் இருந்தாலும் சரி.

கையைத் திறப்பது

நேராகப் படத்தில் இறங்காமல் ஒரு கேன்வாஸை வீணடிக்கவென்றே திறந்து கொள்ளுங்கள். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து பெரிய பெரிய வட்டங்கள். ஒரே மூச்சில் இருபது முட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. பிறகு அழுத்தத்தை மாற்றி மாற்றி ஒரு நீளக் கோடு, ஈயாகத் தொட்டு, யானையாக அழுத்தி, மறுபடி ஈயாக. இரண்டு நிமிடம் போதும். அந்தக் கேன்வாஸை வைத்திருங்கள், சில நாள் அந்த முட்டைகளிலேயே நாலு கண்ணும் மூக்கும் வைத்தால் அதுவே அன்றைய படம்.

முதல் விளையாட்டு: கறையில் ஆள் தேடுவது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஒழுகிய கூரையைப் படுத்தபடி பார்த்து, அந்தக் கறை ஒட்டகம், இந்தக் கறை பாட்டி என்று சொல்லி விளையாடாத பிள்ளை உண்டா? லியொனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் ஓவியர்களுக்கு இதையே ஒரு பயிற்சியாகச் சொல்லியிருக்கிறார்: கறை படிந்த சுவர்களைப் பாருங்கள், அதில் மலைகளும் போர்களும் முகங்களும் தெரியும் என்று. டேப்லெட்டில் அந்தக் கறையை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்.

புதுக் கேன்வாஸ். கண்ணை மூடிக்கொண்டு அகலப் பிரஷால் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பெரிய திட்டு. கண்ணைத் திறக்காமல் வண்ணம் மாற்ற முடியாது என்பதால் திறந்து மஞ்சளை எடுத்து, மறுபடி மூடிக்கொண்டு, ஒரு சின்னத் திட்டு. மூன்றாவதாகப் பச்சையில் ஒரு இழுப்பு. மூன்றும் ஒரே லேயரில் இருக்கட்டும். இப்போது இரண்டு விரலால் கேன்வாஸைத் திருப்புங்கள், பக்கவாட்டில், தலைகீழாக, மறுபடி நேராக. ஒவ்வொரு நிலையிலும் மூன்று நொடி பார்த்தால் போதும், ஏதோ ஒன்று எட்டிப்பார்க்கும். முதலில் என்ன தெரிகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள், இதைவிட நல்லதாக ஏதாவது தெரியுமா என்று காத்திருக்க ஆரம்பித்தால் விளையாட்டு போய்விடும்.

போன வாரம் எனக்கு வந்தது இப்படி: கத்தரிக்காய்த் திட்டைப் பக்கவாட்டில் திருப்பியதும் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கி விழுகிற ஒரு பெரியவர் தெரிந்தார், மஞ்சள் அவர் மடியில் இருக்கும் துணிப்பை, பச்சை எங்கோ தள்ளி நின்றது, அதைப் பைக்குள்ளிருந்து தப்பித்து ஓடுகிற முருங்கைக்காயாக ஆக்கிவிட்டேன்.

தெரிந்த உடனே மேலே இரண்டாவது லேயர் போட்டு, கோட்டுப் பிரஷை எடுத்து, முதலில் கண்ணை வையுங்கள். சிற்பிகள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள், நாம் இங்கே நேர்மாறாகப் போகிறோம், ஏனென்றால் கண் வந்ததும் அந்தத் திட்டு ஒரு ஆளாகிவிடுகிறது, மூக்கு எங்கே, கை எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை எல்லாம் அதுவே சொல்லிவிடும். கண் என்றால் ஒரு புள்ளி போதும், தூங்குகிறவருக்கு ஒரு வளைகோடு. அப்புறம் மூக்கு, வாய், கை, கால். திட்டின் விளிம்பை அப்படியே கோட்டால் சுற்றிவராதீர்கள். சில இடத்தில் கோடு திட்டுக்கு உள்ளே ஓடட்டும், சில இடத்தில் வெளியே போகட்டும். பாதத்தை மட்டும் வரைந்து காலை வண்ணத்திடமே விட்டுவிடலாம், பார்க்கிறவர் கண் அதை நிரப்பிக்கொள்ளும்.

வண்ணம் கோட்டுக்குள் அடங்காமல் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய சிவகாசித் தீப்பெட்டிப் படங்களையும் பட்டாசு லேபிள்களையும் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு மையாகத் தனித்தனியே அச்சேறியதில் சிவப்பு ஒரு பக்கம் விலகியிருக்கும், மயிலின் நீலம் கழுத்தைத் தாண்டிப் போயிருக்கும், ஆனால் அந்தப் படங்களில் இருக்கும் துடிப்பு இன்றைய வழவழ அட்டைகளில் இல்லை. வேண்டுமென்றே செய்ய வேண்டுமானால், வண்ண லேயரை மட்டும் தேர்ந்தெடுத்து அரை விரல் அகலம் நகர்த்திப் பாருங்கள். ஒரே நொடியில் படம் மூச்சு விடுவது தெரியும்.

கடைசியில் நான்காவது வண்ணத்தில் ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் ஒரு பொட்டு: சட்டைப் பொத்தான், கன்னம், செருப்பு வார். டைமர் அடித்தால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது: திரையைப் பார்க்காமல் வரைவது

எதிரில் இருக்கும் ஒரு பொருளை மட்டும் பார்த்துக்கொண்டு, பேனாவை எடுக்காமல், திரையை ஒருமுறைகூடப் பார்க்காமல் அதன் ஓரத்தைப் பின்தொடர்ந்து வரைவது. ஓவியப் பள்ளிகளில் பல காலமாக உள்ள பயிற்சிதான். கண் எந்த வேகத்தில் நகர்கிறதோ அதே வேகத்தில் கை நகர வேண்டும், எறும்பு ஊர்வது மாதிரி. வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகள் இதற்கு அருமையான பொருள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பி, ஒன்று குப்புறக் கிடந்து, ஒரு குடும்பமே தெரியும். பார்த்தால் வார் ஒரு இடத்திலும் அடிப்பாகம் இன்னொரு இடத்திலும் இருக்கும், அதை ஒட்டவைக்க வேண்டாம். கோட்டு லேயருக்கு அடியில் இன்னொரு லேயர் போட்டு ஒரே வண்ணத்தில் ஒரு திட்டு கொடுத்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

டேப்லெட்டில் இதற்கு ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. உள்ளங்கை பட்டு வேறெங்கோ கோடு விழலாம், அல்லது பார்க்காமல் போகும்போது பேனா ஏதாவது பட்டனை அமுக்கிவிடலாம். ப்ரோகிரியேட்டில் நான்கு விரலால் தட்டினால் பட்டன்கள் எல்லாம் மறைந்து கேன்வாஸ் மட்டும் நிற்கும். விரலால் வரைவதை நிறுத்திவைக்கும் அமைப்பும் செட்டிங்கில் இருக்கிறது, அழுத்தப் பேனா வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: சீட்டுக் குலுக்கல்

என்ன வரைவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் பலரை நிறுத்திவிடுகிறது. இரண்டு காலி ஊறுகாய் பாட்டில் எடுங்கள். ஒன்றில் இருபது உயிரினம்: ஆமை, வான்கோழி, கொசு, எருமை, ஓணான். இன்னொன்றில் இருபது வேலை: தபால்காரர், நாதஸ்வர வித்வான், பரோட்டா மாஸ்டர், கண்டக்டர், தையல்காரர், பல் டாக்டர். காலையில் பாட்டிலுக்கு ஒரு சீட்டு எடுங்கள். ஓணான் கண்டக்டர் வந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை, தலையாட்டி விசில் அடிக்கும் ஓணான் கண்முன்னே நிற்கும். எருமைத் தையல்காரர் வந்தால் கொம்பில் நூல்கண்டு.

இதில் ஒரு யோசனை: வேலையைச் சொல்லுவது ஒரே ஒரு பொருளாக இருக்கட்டும். கண்டக்டருக்குத் தோல்பை, டாக்டருக்குக் கண்ணாடி. சீருடை, பஸ், பின்னணி என்று எல்லாவற்றையும் வரைய ஆரம்பித்தால் பத்து நிமிடம் பத்தாது, வரைகிற சுகமும் போய்விடும்.

சில நாள் எந்த விளையாட்டும் எடுபடாது, கை பழகிய பூனையையே மறுபடி மறுபடி போடும். அப்போது பேனாவை மற்றக் கைக்கு மாற்றிவிடுங்கள். ஓவியர் கோபுலு பக்கவாதத்தால் வலது கை செயல்படாமல் போன பிறகு இடது கையால் வரையப் பழகினார், வரைவதை விடவில்லை. அவர் அதைச் செய்தது வேறு வழியில்லாமல், எவ்வளவு பாடுபட்டு என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நமக்கு அது ஒரு பத்து நிமிடப் பயிற்சி. பழகாத கை எதையும் மனப்பாடமாக வரையாது, ஒவ்வொரு கோட்டையும் புதிதாகக் கண்டுபிடிக்கும், அதனால் அதன் பூனை வேறு பூனையாக வரும்.

சிக்கல் வரும் இடங்கள்

வண்ணத்தை இழுத்துப் போட்டால் முழுப் படமும் நிறைந்துவிடுகிறது என்றால் கோட்டில் எங்கோ ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. ப்ரோகிரியேட்டில் வண்ணத்தைப் போட்ட கையோடு பேனாவை எடுக்காமல் இடப்பக்கம் நகர்த்தினால் நிரம்பும் அளவு குறையும். ஐபிஸ் பெயின்டில் இடைவெளியைக் கண்டுகொள்ளும் அமைப்பே இருக்கிறது. நான் இந்த வகைப் படங்களுக்கு வாளியை (ஒரே தொடுதலில் வண்ணம் நிரப்பும் கருவி) தொடுவதே இல்லை, அகலப் பிரஷால் கையாலேயே பூசிவிடுவேன், ஓரத்தில் அங்கங்கே விட்டுப்போவது அழகாக இருக்கிறது.

கோட்டின் முனையில் பேனாவை ஒரு நொடி நிறுத்தினால் ப்ரோகிரியேட் அதை நேர்க்கோடாகவோ கச்சிதமான வட்டமாகவோ மாற்றிவிடும். புதியவர்களுக்கு இது திடுக்கென்று இருக்கும். இதற்குக் குவிக்ஷேப் என்று பெயர், ஜெஸ்ச்சர் கன்ட்ரோல் பகுதியில் தேடி நிறுத்திவிடுங்கள்.

கழுத்தும் கட்டைவிரலும் வலித்தால் டேப்லெட்டைத் தட்டையாக வைத்துக் குனிந்து வரைகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு தடிமனான புத்தகத்தை அடியில் கொடுத்துச் சாய்த்து வையுங்கள், திரை வெளிச்சத்தை அறை வெளிச்சத்துக்குச் சமமாகக் குறையுங்கள்.

சேமிப்பதும் அனுப்புவதும்

பிடிக்காத படத்தையும் நீக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு தொகுப்பு, படத்துக்குத் தேதிதான் பெயர். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து பார்த்தால், அன்று பிடிக்காமல் போன ஒன்றில்தான் அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளப்போகிற ஒரு மூக்கோ ஒரு நடையோ இருக்கும். எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது.

ப்ரோகிரியேட்டும் ஐபிஸ் பெயின்டும் நீங்கள் வரைவதைத் தாமாகவே வீடியோவாகப் பதிந்துகொள்ளும். அதை 30 நொடிக்குச் சுருக்கி எடுத்துப் பாருங்கள், எந்த இடத்தில் கை தயங்கியது, எதையெல்லாம் தேவையில்லாமல் சேர்த்தீர்கள் என்பது அப்பட்டமாகத் தெரியும். பெரும்பாலும் படம் ஆறாவது நிமிடத்திலேயே முடிந்திருக்கும்.

வாட்ஸாப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், மெல்லிய கோடுகள் மங்கும். பிஎன்ஜி என்ற கோப்பு வகையாக எடுத்து டாகுமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள். அச்சுக்குக் கொடுப்பதானால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. பளீர் பச்சையும் மின்னல் நீலமும் காகிதத்தில் சோர்ந்துபோகும். கத்தரிக்காய், மஞ்சள் தூள் வகை நிறங்கள் அவ்வளவாக ஏமாற்றாது. கடையில் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.

கூட்டாக வரைய ஒன்று

1920களில் பாரிஸில் சர்ரியலிஸ்ட் (கனவு போன்ற விசித்திரங்களைப் படைத்த) ஓவியர்களும் கவிஞர்களும் ஒரு தாளை மடித்து மடித்துக் கைமாற்றி விளையாடுவார்கள், ஒருவர் தலை, அடுத்தவர் உடல், மூன்றாமவர் கால், முன்னவர் என்ன போட்டார் என்று யாருக்கும் தெரியாது. டேப்லெட்டில் மடிப்புக்குப் பதில் லேயர். நெட்டுக்குத்தான கேன்வாஸ் ஒன்றைத் திறந்து, மூன்றாகப் பிரித்து இரண்டு மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆள் முதல் லேயரில் தலையை வரைந்து, கழுத்தின் இரண்டு கோடுகளைக் கீழ்ப்பகுதிக்குள் கொஞ்சம் நீட்டிவிட வேண்டும். நீட்டிய அந்தத் துண்டை மட்டும் பிரிவுக்கோட்டின் லேயரில் நகலெடுத்துப் போட்டுவிட்டு, தலை லேயரை மறையுங்கள். அடுத்த ஆளுக்குத் தெரிவது இரண்டு சின்னக் கோடு மட்டும். அவர் உடலை வரைந்து, இடுப்பின் கோடுகளை நீட்டி, அதேபோல் மறைத்துக் கொடுப்பார்.

பொங்கலுக்கு எங்கள் வீட்டில் மூன்று பேர் வரைந்தோம். அக்கா மகள் தலை, அம்மா உடல், கால் என்னுடையது. அம்மா பேனாவைப் பிடித்தது அன்றுதான் முதல்முறை, எனக்கு வரையவெல்லாம் வராதுடா என்று சொல்லிக்கொண்டே எட்டு நிமிடம் யாரிடமும் பேசாமல் வரைந்தார். மூன்று லேயரையும் ஒன்றாகத் திறந்தபோது கொண்டை போட்ட ஆந்தை ஒன்று, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடும் கொசுவம் வைத்த புடவையோடும், ஒரு காலில் ஸ்கேட்டிங் ஷூவும் ஒரு காலில் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது. அம்மா உடனே அடுத்த கேன்வாஸைத் திற என்றார், இந்த முறை தலை தனக்கு வேண்டுமாம்.